சுண்டு யாருடைய நாய்

கனகேஸ்வரிக்குப் பொறாமை வருவதற்குப் பெரிய காரணம் எதுவும் தேவையில்லை. அயல்வீட்டு இடியப்பம் தன்னுடையதைவிட ஒரு நூல் வெள்ளையாக இருந்துவிட்டாலே போதும், அன்றைக்கு முழுக்க முகம் கடுகடுவென்று இருக்கும். அதை அவள் மறைப்பதும் இல்லை. "எனக்கு எரிச்சல்தான். இல்லையெண்டு சொன்னால் பொய்" என்று நேரே சொல்லிவிடுவாள். இப்படி வாயால் கொட்டிவிடுகிறவர்களை அதிகம் வெறுக்க முடியாது. வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக இறங்கும் அந்த ஒழுங்கையில், அவளைக் கண்டால் சிரிக்காமல் போகிறவர்கள் குறைவு.

அவள் பக்கத்து நியாயத்தையும் சொல்லத்தான் வேண்டும். பிறந்த வீட்டில் அக்காதான் அப்பாவின் செல்லம். கட்டிக்கொண்டு வந்த ஸ்ரீஸ்கந்தராசா தங்கமான மனுசன், புறக்கோட்டையில் ஒரு இரும்புக்கடையில் கணக்கு வேலை. ஆனால் அவர் சாகும்வரைக்கும் தன் தாயின் பிள்ளை. "அம்மா வச்ச குழம்பு மாதிரி வரேல்லை" என்று முப்பது வருசம் சொன்னார். தாய் செத்த பிறகும் சொன்னார். மகன் லண்டனில். அவனுடைய மாமியார் அதே தெருவில் இருக்கிறாள், பேத்தி அவள் மடியிலேயே வளர்கிறது. அந்தப் பிள்ளைக்குக் கனகேஸ்வரியின் பெயர் 'போன் அப்பம்மா'. போன் அப்பம்மா! அவள் நேசித்த எல்லோருக்கும் அவளுக்கு முன்னால் வேறு யாரோ ஒருத்தி இருந்தாள். தனக்கென்று, தனக்கு மட்டுமென்று, ஒரே ஒரு உயிர் வேண்டும் என்பதுதான் அவளுடைய ஆசை. பெரிய ஆசை என்று யார் சொல்லுவார்கள்?

ஸ்ரீஸ்கந்தராசாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து சில கிழமைகளில் அந்த உயிர் கிடைத்தது. சந்தையில் முருங்கைக்காய் வாங்கிக்கொண்டு நின்றாள். மரக்கறித் தட்டுக்குக் கீழே, நனைந்த சாக்கில், உள்ளங்கை அளவு நாய்க்குட்டி ஒன்று நடுங்கிக்கொண்டு கிடந்தது. மண்ணிறம், கட்டைக் கால், ஒரு காது நிமிர்ந்தும் மற்றது மடங்கியும். "ஒங்களுக்கு வேணுமெண்டா கொண்டு போங்க" என்றான் கடைக்காரன். துணிப்பைக்குள் முருங்கைக்காய்க்கு மேலே வைத்துக் கொண்டுவந்தாள். வீட்டுக்கு வந்த முதல் வேலையாக அது அரிசி மூட்டைக்குள் பாய்ந்து, அரிசி அளக்கிற சுண்டுக்குள் தலையை விட்டு, எடுக்கத் தெரியாமல் வீடு முழுக்கத் தகரத்தோடு ஓடியது. கணவர் போனபிறகு கனகேஸ்வரி முதல்தடவையாக வாய்விட்டுச் சிரித்தாள். நாய்க்குப் பெயர் சுண்டு என்றாகிவிட்டது.

முதல் இரண்டு வருசமும் அவளுக்கு ராசபோகம். சுண்டுவுக்குக் காலையில் தேத்தண்ணியில் தோய்த்த பாண், மத்தியானம் சோறும் மீனும், வெள்ளிக்கிழமைகளில் மட்டும் பருப்பும் சோறும். வெள்ளியில் அவள் மச்ச மாமிசம் சமைப்பதில்லை, ஆகையால் சுண்டுவும் விரதம். பின்னேரம் தண்டவாளத்தைக் கடந்து கடற்கரைக்குப் போவார்கள். மருதானைப் பக்கமிருந்து ரயில் வரும்போதெல்லாம் சுண்டு அதை விரட்டிக் குரைக்கும். ரயில் போய்விடும். தான் விரட்டித்தான் போனது என்ற பெருமையோடு வாலைத் தூக்கிக்கொண்டு திரும்பி வரும். "என்ர ராசா, ரயிலையே கலைச்சுப் போட்டான்!" என்று அவளும் அதற்கு ஒத்து ஊதுவாள்.

அப்படியிருக்கையில்தான் எதிர்வீட்டுக்கு ஜவாஹிறா வந்தாள்.

கொட்டாஞ்சேனையில் இருந்த வீட்டை விட்டுவிட்டு, மகள் நிம்றாவோடு மூன்றாம் மாடியில் கனகேஸ்வரியின் கதவுக்கு நேர் எதிர்க்கதவில் குடிவந்தாள். அவளும் கணவனை இழந்தவள். மெலிந்த உடம்பு, மெத்தென்ற குரல். சாமான் இறக்கிய அன்றைக்கே சுண்டு உள்ளே புகுந்துவிட்டது.

"ஐயோ அக்கா! ஒங்கட நாய் வந்தீக்கி, புடிங்க, புடிங்க! எனக்குத் தொட ஏலா, தொழ ஈக்கு!" என்று நாற்காலிமேல் காலைத் தூக்கிக்கொண்டு கத்தினாள் ஜவாஹிறா.

கனகேஸ்வரியின் மனம் குளிர்ந்துபோனது. நாயைத் தொடவே முடியாத அயல்வீடு! இதைவிட நல்ல அயல் கிடைக்குமா? பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைக்கலாம் போல இருந்தது.

உடைக்காதது நல்லதாகப் போயிற்று. ஒரு மாதம் ஆகவில்லை, சுண்டு காலையில் பாணைத் தின்றதும் நேரே போய் எதிர்க்கதவடியில் படுக்கத் தொடங்கியது. ஜவாஹிறா கதவைத் திறந்து, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, ஒரு முழம் தள்ளி நின்று அதோடு கதைப்பாள். "என்ன மகன், தின்னாச்சா? ராவு நல்லா தூங்கினீங்களா? ஏன் மொகம் வாடி ஈக்கி?" சுண்டு வாலால் நிலத்தைக் கூட்டும். கனகேஸ்வரி உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். அவள் அதை 'அடேய்' என்றும் 'சனியன்' என்றும் கூப்பிடுவாள், அதெல்லாம் ஆசையில் சொல்வது. இவளோ நாய்க்கு 'நீங்க' போடுகிறாள்! நாய்க்கு மரியாதை வேண்டிக்கிடக்கிறது, மரியாதை!

பிறகு அந்த வெள்ளிக்கிழமை. பருப்புச் சோற்றை முகர்ந்து பார்த்துவிட்டு சுண்டு எழுந்து வெளியே போனது. திரும்பி வந்தபோது வாயில் ஒரு பெரிய எலும்பு. கனகேஸ்வரி குனிந்து பார்த்தாள். மாட்டெலும்பு! வெள்ளிக்கிழமை, சாமி விளக்கு எரிகிற வீட்டுக்குள்!

"ஜவாஹிறா, உதென்ன வேலை? வெள்ளிக்கிழமையில அவன் விரதமெல்லோ!"

"அல்லாவே, நாய்க்குமா விரதம்?" என்று ஜவாஹிறா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "தெரியாமப் போச்சி அக்கா. ஜும்ஆ நாள் தானே, நல்லதா ஏதும் ஆக்கினா அவனுக்கும் ஒரு பங்கு குடுக்கோணும் எண்டு நெனச்ச. இனிக் குடுக்க மாட்டன்."

அவள் சொன்னபடி கொடுக்கவில்லை. அதில்தான் கனகேஸ்வரிக்கு இன்னும் வயிறெரிந்தது. எலும்பு நின்ற பிறகும் சுண்டு எதிர்க்கதவடிக்குப் போவதை நிறுத்தவில்லை. அப்படியானால் தீனிக்காகப் போகவில்லை. சும்மா போகிறது. கரையான் புற்றெடுக்கப் பாம்பு குடிகொண்ட கதையாகிவிட்டதே என்று மனதுக்குள் குமைந்தாள். குளிப்பாட்டுகிறவள் நான், உண்ணி பிடுங்குகிறவள் நான், ஊசி போடக் கொண்டுபோகிறவள் நான். ஒரு முழம் தள்ளி நின்று 'மகன்' என்கிறவளிடம் போய் வாலாட்டுகிறதே இந்த நன்றி கெட்டது!

மட்டக்குளிச் சம்பவத்தைச் சொல்லாமல் சுண்டுவின் கதை நிறையாது. ஒழுங்கைக்கு மீன் கொண்டுவருகிறவர் மட்டக்குளியில் இருந்து ஆட்டோவில் வருவார். ஒரு சனிக்கிழமை, மீன் விற்று முடிந்த வெறும் வெள்ளை ரெஜிபோம் ஐஸ் பெட்டிக்குள் சுண்டு ஏறிப் படுத்து, வாசனையில் கண்ணயர்ந்துவிட்டது. மனுசன் கவனிக்காமல் மூடியைச் சரித்துப் போட்டுக்கொண்டு ஓட்டிப் போய்விட்டார். வெள்ளவத்தை முழுக்க அலைந்து தேடிக் கனகேஸ்வரி அழுதுகொண்டிருந்தபோது மட்டக்குளியில் இருந்து மீன்காரரின் போன் வந்தது.

"அக்கா, உங்கட நாய் இஞ்ச வந்திட்டுது. வள்ளத்துக்குக் கீழ பூந்துகொண்டு வெளியில வருகுதில்லை. பெரிய நாயள் கலைச்சதில பயந்து போச்சு. கையை நீட்டினா கடிக்க வருது."

அடித்துப் பிடித்து ஓடினாள். சேலையோடு மணலில் முழங்காலில் நின்று, கவிழ்த்துப்போட்ட வள்ளத்துக்கு அடியில் தலையை விட்டு, "சுண்டு, வா ராசா, அம்மா வந்திருக்கிறன்" என்று கெஞ்சினாள். இருட்டுக்குள்ளிருந்து உறுமல்தான் வந்தது. இறால் பொரியல் நீட்டினாள், உறுமல். அதட்டினாள், உறுமல். கூடிநின்ற சனம் வேடிக்கை பார்த்தது.

"வீட்டில வேற ஆராவது இருந்தா அவையின்ர குரலைக் காட்டிப் பாருங்கோவன்" என்றார் மீன்காரர்.

வேறு யார் இருக்கிறார்கள்? கனகேஸ்வரிக்குத் தெரியும், தெரிந்துகொண்டே கொஞ்ச நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். பிறகு ஜவாஹிறாவுக்குப் போன் எடுத்தாள். சத்தத்தைக் கூட்டி வள்ளத்துக்குக் கீழே நீட்டினாள்.

"சுண்டு, மகன், எங்க ஈக்கிறீங்க? வாங்க மகன், ஊட்டுக்குப் போவம்."

அவ்வளவுதான். வாலை ஆட்டிக்கொண்டு, மணலை உதறிக்கொண்டு, துரை வெளியே வந்தார். வந்து, அவளை ஏறெடுத்தும் பார்க்காமல், அவள் கையிலிருந்த போனை நக்கினார். சனம் கைகொட்டிச் சிரித்தது. திரும்பி வரும்போது ஆட்டோவில் கனகேஸ்வரி அந்த நாயோடு ஒரு வார்த்தை கதைக்கவில்லை. அது கிடைத்த சந்தோசம் ஒரு பக்கம், அந்தப் போனைக் கடலில் எறிந்திருக்கலாம் என்ற ஆத்திரம் மறுபக்கம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஈஸ்டர் ஞாயிறன்று தேவாலயங்களில் அந்தக் குண்டுவெடிப்புகள் நடந்த வருசம், மாடிவீட்டில் இருந்த பலர் ஜவாஹிறாவின் வீட்டாரோடு கதைப்பதை விட்டுவிட்டார்கள். படியில் கண்டால் சுவரைப் பார்த்துக்கொண்டு போனார்கள். சுண்டுவுக்கு அரசியல் தெரியாது, வழக்கம்போல அந்தக் கதவடியிலேயே கிடந்தது. கனகேஸ்வரியும் வழக்கம்போல நாளைக்கு நாலு தடவை நாயைப் பிடித்து இழுத்துவரப் போனாள், போன இடத்தில் கதைத்தாள். "அந்த நேரம் எங்களோட கதைச்ச ஒரே ஆள் நீங்கதான் அக்கா" என்று ஜவாஹிறா பிறகு பலமுறை கண்கலங்கினாள். தான் போனது பொறாமையில் என்று கனகேஸ்வரி எப்படிச் சொல்லுவாள்?

எல்லாவற்றுக்கும் நடுவில் அவளுக்கு ஒரே ஒரு ஆறுதல் இருந்தது. ஜவாஹிறாவால் சுண்டுவைத் தொட முடியாது. குரல் அவளுடையதாக இருக்கட்டும், கை என்னுடையது. அதனால் வேண்டுமென்றே, ஜவாஹிறா பார்க்கிற மாதிரி, படிக்கட்டு வாசலில் நின்று சுண்டுவைத் தூக்கிக் கொஞ்சுவாள். மடங்கிய காதைத் தடவுவாள், மூக்கோடு மூக்கு உரசுவாள். "ஆற்ர பிள்ளை? நீ ஆற்ர பிள்ளை?" என்று உரத்துக் கேட்பாள். ஜவாஹிறா சிரித்தபடி பார்த்துக்கொண்டு நிற்பாள். அந்தச் சிரிப்பில் ஒரு ஏக்கம் இருக்கிறதா என்று கனகேஸ்வரி உற்றுப் பார்ப்பாள். இருப்பதுபோலத் தெரிந்தால் அன்றைக்குச் சாப்பாடு நன்றாக இறங்கும்.

சுண்டுவுக்கு வயது போனது. ரயிலை விரட்டுவதை நிறுத்தி, ரயில் வந்தால் ஒருதடவை 'வவ்' என்றுவிட்டு உட்காரத் தொடங்கியது. பிறகு பின்னங்கால்கள் இழுபட்டன. சிறுநீரகம் பழுதாகிவிட்டது, இனிச் செய்ய ஒன்றும் இல்லை என்று வைத்தியர் கையை விரித்துவிட்டார். கனகேஸ்வரி பழைய சேலையை மடித்து விரித்து, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் பருக்கி, பக்கத்திலேயே கிடந்தாள்.

அந்த மத்தியானம் ஒழுங்கையே உறங்கிக்கொண்டிருந்தது. சுண்டு சேலையிலிருந்து மெல்ல எழுந்தது. எழுந்தது என்று எப்படிச் சொல்வது, முன்னங்காலால் இழுத்துக்கொண்டு நகர்ந்தது. விறாந்தையைத் தாண்டிக் கதவடிக்குப் போய், கதவைச் சுரண்டியது. திரும்பி அவளைப் பார்த்து முனகியது. மறுபடியும் சுரண்டியது.

எங்கே போகக் கேட்கிறது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். எழுந்து போனாள். கை கதவுக் கொளுக்கிவரை போய்விட்டது.

"இப்பவுமா?" என்றாள் அதனிடம். "இப்பவும் உனக்கு அவள்தானா?"

கொளுக்கியை அவள் எடுக்கவில்லை. சுண்டுவைத் தூக்கி வந்து மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். திமிற அதற்குச் சக்தி இல்லை. முகத்தை மட்டும் கதவுப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டிருந்தது. அந்த முகத்தை அவள் தன் பக்கம் திருப்பினாள், அது மறுபடியும் திரும்பியது. கொஞ்ச நேரத்தில் மூச்சு நின்றுவிட்டது.

அழுதாள், சத்தம் வெளியே கேட்காமல் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். செத்தவீடாவது எனக்கு மட்டும் இருக்கட்டும் என்பது அவள் எண்ணம். ஸ்ரீஸ்கந்தராசாவோடு வேலை செய்த சத்தியநாராயணன் வத்தளையில் இருக்கிறார், வீட்டுக்குப் பின்னால் வளவு உண்டு. அவருக்குச் சொல்லிவிட்டு, சுண்டுவைச் சேலையில் சுற்றி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, எதிர்வீட்டுக்குக் கேட்காமல் வெறுங்காலோடு படியிறங்கினாள். அன்று பின்னேரமே மாமரத்தடியில் புதைத்தாயிற்று.

அடுத்த நாள் ஜவாஹிறா கதவைத் தட்டினாள். "அக்கா, எங்க என்ட மகன்? சொகமில்லாமயா?"

"செத்துப் போனான். அடக்கமும் முடிஞ்சுது."

ஜவாஹிறா மெல்லத் திரும்பிப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கனகேஸ்வரிக்கு நெஞ்சில் ஒரு சின்ன வெற்றி துள்ளியது. துள்ளியது என்பதை மறைப்பானேன்.

இரண்டு மூன்று நாள் எதிர்க்கதவு திறக்கவே இல்லை. பிறகு நிம்றா வந்தாள்.

"அன்டி, உம்மா ஒண்டும் தின்றா இல்ல. தேத்தண்ணியும் தொட்டுக்கொண்டு வச்சிர்றா. நீங்க ஒருக்கா வந்து தின்னச் செல்லுங்களேன். ஒங்கட பேச்சுக் கேப்பா."

போனாள். இத்தனை வருசத்தில் அந்த வீட்டின் முன்னறையைத் தாண்டி அவள் போனதில்லை. ஜவாஹிறா சுவரில் சாய்ந்து பாயில் இருந்தாள், முகம் ஒட்டிப் போயிருந்தது. "வாங்கோ, ரெண்டு பேருமாச் சாப்பிடுவம்" என்று சொல்லிவிட்டுக் கனகேஸ்வரி கை கழுவக் குசினிப் பக்கம் போனாள். தண்ணீர்க் குழாயடியில், சவர்க்காரத்துக்குப் பக்கத்தில், மூடி வைத்த ஒரு பால்மா டின். சவர்க்காரத் தூளாக்கும் என்று திறந்தால் உள்ளே மண். அரைவாசி எடுத்து முடிந்த, சலித்த மண்.

"நிம்றா, உங்களிட்டப் பூக்கண்டு ஒண்டும் இல்லையே. இந்த மண் என்னத்துக்கு?"

நிம்றா தாயைப் பார்த்தாள். ஜவாஹிறா பாயிலிருந்தே சொன்னாள்.

"சுண்டுக்கு."

"சுண்டுக்கு மண்ணோ?"

"நாய் நக்கிச்செண்டா ஏழு தரம் கழுவணும் அக்கா. அதில ஒரு தரம் மண்ணால. எங்கட மார்க்கம் அப்பிடி. அவன் சும்மா ஈக்கிற ஆளா, தடவக் கைய நீட்டினா நக்கிருவானே."

"அப்ப... நீங்கள் அவனைத் தொட்டனீங்களோ?"

"ஒவ்வொரு நாளும்" என்றாள் ஜவாஹிறா. "நீங்க கோயிலுக்குப் போற நேரம். ஒங்களுக்கு முன்னால தொட்டா ஒங்களுக்கு மனசு ஒரு மாதிரிப் போகும் எண்டு நெனச்ச. வயித்தத் தடவினா காலு நாலையும் மேல தூக்கிக்கிட்டுக் கெடப்பான்."

"மண் முடிய முடிய நான்தான் வேலைவிட்டு வரக்குள்ள கொண்டு வாற" என்றாள் நிம்றா.

கனகேஸ்வரி டின்னைப் பிடித்தபடி நின்றாள். அவளிடம் சுண்டு ஒருநாளும் வயிற்றைக் காட்டிப் படுத்ததில்லை. அவளுடைய தடவல்கள் எல்லாம் சும்மா கிடைத்தவை, நினைத்த நேரம் தடவிவிட்டு அப்படியே போய்ச் சோறு போட்டவள் அவள். இவளோ ஒவ்வொரு தடவலுக்கும் எழும்பி வந்து இந்தக் குழாயடியில் ஏழு தரம் நின்றிருக்கிறாள். கையாவது என்னுடையது என்று இருந்த ஒரு ஆறுதலும் போய்விட்டது. காலில் இருந்து உச்சிவரை பற்றி எரிந்தது.

வந்து பாயில் இருந்தாள். நிம்றா இருவருக்கும் சோறு போட்டு வைத்தாள். ஜவாஹிறா சோற்றைப் பார்க்கவில்லை.

"அக்கா, ஒண்டு கேக்கவா? மறைக்காமச் செல்லோணும். கடைசி நேரத்தில என்னத் தேடினானா?"

எரிந்துகொண்டிருந்த நெஞ்சுக்கு இதைவிட என்ன வேண்டும்! கனகேஸ்வரி ஒரு கணம்கூட யோசிக்கவில்லை.

"இல்லை. தேடேல்லை. கதவுப் பக்கம் திரும்பியும் பார்க்கேல்லை. என்ர முகத்தைப் பார்த்துக்கொண்டே என்ர மடியிலதான் போனவன்."

சொல்லிவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை காலமும் காணக் காத்திருந்த அந்த ஏக்கத்தை, அந்தத் தோல்வியை, அந்த முகத்தில் பார்க்க வேண்டும். ஜவாஹிறா முக்காட்டால் முகத்தை மூடிக்கொண்டு விம்மினாள். பிறகு மூடியதை எடுத்தாள். அழுத கண்ணோடு அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றாள். "அன்டைக்குப் பகல் நான் கதவப் பூட்டிட்டு நல்லாத் தூங்கிட்டன் அக்கா. அவன் வந்து சொரண்டி ஈப்பானோ, நான் கேக்காமக் கெடந்தனோ, தேடித் தேடிப் போனானோ எண்டுதான் இந்தச் சோறு எறங்கல்ல. அவன் தேடல்ல எண்டு செல்லிட்டீங்க. ஒங்கட மடியில, ஒங்கட மொகத்தப் பாத்துட்டு நிம்மதியாப் போயீக்கான். எனக்கு இது போதும்."

அவள் சோற்றைப் பிசைந்தாள். நிம்றா கறி வைத்தாள். பசித்த பிள்ளை மாதிரி ஜவாஹிறா சாப்பிடத் தொடங்கினாள்.

கனகேஸ்வரி தன் முன்னால் இருந்த சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தன்னைத் தேடவில்லை என்று கேட்டு இப்படிச் சந்தோசப்பட ஒரு மனுசியால் முடியுமா? அவளுடைய வாழ்க்கையில் யாரையும் அவள் அப்படி நேசித்ததில்லை, கணவரையில்லை, மகனையில்லை, சுண்டுவையும் இல்லை. அப்பாவின் செல்லமான அக்காவைப் பார்த்தும், லண்டன் சம்பந்தியைப் பார்த்தும் வராத அளவு பொறாமை அப்போது வந்தது, எதிரில் இருந்து சாப்பிடுகிற அந்த மனசைப் பார்த்து. தானே நாயாகப் பிறந்திருந்தாலும் அந்தக் கதவடியில்தான் போய்ப் படுத்திருப்பாள்.

"நீங்களும் தின்னுங்க அக்கா" என்றாள் ஜவாஹிறா. "ஏன் பாத்துக்கொண்டு ஈக்கிறீங்க?"

"ஓம், ஓம்" என்று கனகேஸ்வரி ஒரு பிடி எடுத்து வாயில் வைத்தாள். எவ்வளவு மென்றும் அது இறங்கவில்லை.